இடது கையால் வறுத்த விரால்

என் வீட்டுக்காரர் மீன் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் அது. அதுவரை அவரிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஏற்காட்டு மலைமேல் செம்மநத்தத்தில் நாங்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து, வேலியோரம் கொஞ்சம் காப்பிச் செடி வைத்துப் பிழைத்த குடும்பம். மழைக்காலத்தில் ஓடையில் அகப்படுகிற பொடி மீன்தான் எங்களுக்குத் தெரிந்த மீன். அதையும் முள்ளோடு மென்று துப்பிவிடுவோம். அவர் மேட்டூர்ப் பக்கத்துக்காரர். ஆற்று மீனும் அணை மீனும் தின்று வளர்ந்தவர். ஒரு முழுக் கெண்டையைத் தட்டில் வைத்துக்கொண்டு முதுகோரமாக விரலால் மெல்ல ஒரு கீறல் கீறுவார். சதை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம் என்று பிரிந்து வந்துவிடும். சாப்பிட்டு முடித்தால் தட்டோரத்தில் முள்கூடு சீப்பைப் போலச் சுத்தமாகக் கிடக்கும். கை இவ்வளவு பொறுமையாக இருக்கிற மனுஷர் நம்மிடமும் பொறுமையாகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு பொய்யாகவில்லை.

அவருக்கு எஸ்டேட்டில் வேலை. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மிஷினை ஓட்டுவதும், பழுது வந்தால் பார்ப்பதும் அவர் பொறுப்பு. ஏற்காடு கடைவீதியில், பாய் ஒருவர் நடத்திய மளிகைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் குடியிருந்தோம். பாய் குடும்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். எனக்குக் கிளியூர் பால்வாடியில் டீச்சர் வேலை கிடைத்தது. காலையில் நடந்து போய், சாயங்காலம் நடந்து வருவேன். எங்களுக்கு ஒரே பெண்.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அடிவாரத்திலிருந்து முதல் பஸ்ஸில் மீன் ஏறி வரும். அவர் போய் வாங்கி வருவார். நான் குழம்பு வைப்பேன். மீன் குழம்பு எனக்கு அக்கா சொல்லிக்கொடுத்தது. அவர் சமையல்கட்டுக்குள் வந்ததே கிடையாது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வாசலில் நின்று கேட்பார். அதை நான் குறையாக நினைத்ததில்லை. அந்தக் காலத்தில் எந்த வீட்டு ஆண் அடுப்படிக்கு வந்தார்?

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காப்பி சீசனில் அது நடந்தது. பழம் நிறைய வந்து குவிந்துகொண்டிருந்த நாட்கள். மிஷினுக்குள் பழத்தோடு ஒரு கல் போய்ச் சிக்கிக்கொண்டது. மிஷினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டாராம். சக்கரத்தில் மிச்சமிருந்த ஓட்டம் பெல்ட்டோடு சேர்த்துக் கையை இழுத்துவிட்டது. பால்வாடிக்கு ஆள் ஓடி வந்து சொன்னபோது நான் குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரை எஸ்டேட் ஜீப்பில் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது கையில் கட்டை விரலும் உள்ளங்கையும் மிஞ்சின. மற்ற நாலு விரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை நான்தான் ஊட்டிவிட்டேன். அங்கே எல்லாரும் நோயாளிகள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் கஷ்டம் தொடங்கியது. தட்டை முன்னால் வைத்தேன். நான் ஊட்ட உட்கார்ந்ததும், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஒரு ஸ்பூன் குடு புள்ள, நானே தின்னுக்கறேன்" என்றார். இடது கையில் ஸ்பூனைப் பிடித்தார். சோறு பாதி வாய்க்குப் போனது, பாதி மடியில் விழுந்தது. எங்கள் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஒன்றாம் வகுப்பு. "ஏம்ப்பா பீச்சாங்கைல சாப்படறே?" என்று கேட்டுவிட்டாள்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இடது கையால் சாப்பாட்டைத் தொட்டால் நானே அவள் கையில் தட்டியிருக்கிறேன். அவர் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் சாப்பிட்டார். அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. கையில் எப்போதும் ஸ்பூன்தான். வலது கையை ஒரு துண்டால் மூடிக்கொள்வார். பெண் அந்தக் கைப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே சந்தைக்குப் போய்க் கெண்டை வாங்கி வந்து குழம்பு வைத்தேன். வாசனை பிடித்தாவது முகம் மாறட்டும் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஸ்பூனால் மீனைக் குத்தினார். சதையும் முள்ளுமாகக் கலைந்துபோனது. ஒரு வாய் வைத்தார். உடனே எழுந்து போய் வெளியே துப்பினார். தொண்டையில் முள் ஏறிவிட்டதோ என்று வெறும் சோற்றை உருட்டிக்கொண்டு ஓடினேன்.

"முள்ளு ஏறிருச்சுங்களா?"

"இல்ல. எனக்கு இனிமே மீன் வேண்டாம். வாங்காத."

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். மீனை விரலால்தான் சாப்பிட முடியும். இடது கை விரலைத் தட்டில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. அது எனக்குப் புரிந்தது, ஆனால் அதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் மீன் இல்லை.

பகலெல்லாம் அவர் வீட்டில்தான் இருந்தார். கை ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்கள். நான் வேலைக்குப் போனதும் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் சின்னச் சின்ன மாறுதல்கள் தெரிந்தன. தண்ணீர்க் குடத்தின் மூடிக்கு ஒரு கயிற்று வளையம் வந்திருந்தது. சட்டைப் பொத்தான்களுக்குப் பதிலாக அழுத்தினால் மாட்டிக்கொள்கிற பிரஸ் பட்டன் இருந்தது. ஒருநாள் மாலை தீப்பெட்டி ஒன்று காலியாகிக் கிடந்தது. தரை முழுக்கக் கொளுத்திய குச்சிகள். பெட்டியை வலது கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இடது கையால் உரசப் பழகியிருக்கிறார். நான் கேட்கவில்லை, குச்சிகளைப் பெருக்கி எடுத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பால்வாடிக்குச் சத்துமாவு மூட்டை வருகிறதென்று லீவு நாளிலும் போயிருந்தேன். கிளியூரிலிருந்து வரும் வழி முழுக்கத் தூறல், பனிமூட்டம். நனைந்துகொண்டே வந்தேன். கடை வாசலில் அக்கா நின்றிருந்தார்.

"தங்கச்சி, உன் ஊட்டுக்காரரு எங்கிட்ட இரும்புக் கல்லு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. விளிம்பு தூக்கினது, மீன் வறுக்கறது. என்னா விசேஷம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா விடவில்லை. "கல்லு குடுக்கறதுல ஒண்ணுமில்ல. எனக்கு ஒரு துண்டு வரணும், சொல்லிரு" என்றார்.

வீட்டு வாசலிலேயே மீன் வாடை வந்தது. பெண் முன்னறையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். "அப்பா உள்ள வரக் கூடாதுன்னுச்சு" என்றாள். சமையல்கட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது.

"ஏனுங்க, நான் வந்துட்டனுங்க. என்ன பண்றீங்க?"

"தலைய துவட்டிக்கிட்டு உக்காரு. உள்ள வராத."

துவட்டிக்கொண்டே கதவிடுக்கில் பார்த்தேன். தரையில் ஒரு சவுக்குமரப் பலகை இருந்தது. அதன் வெடிப்பில் ஒரு நீள ஆணியைச் சொருகி அடித்து, கூர் மேலே வரும்படி வைத்திருந்தார். அந்த ஆணியில் ஒரு விரால் மீன் தலை குத்தி நின்றது. அரிவாள்மணை இரண்டு கை உள்ளவர்களுக்கானது. ஒரு கைக்காரருக்கு மீனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆள் வேலையை ஆணி செய்தது. உயிரோடு வாங்கிய விரால் சோப்பு மாதிரி வழுக்கும். அதைச் சாம்பலில் புரட்டி எடுத்திருந்தார். இடது கையில் கத்தி. வாலிலிருந்து தலைக்குச் செதிலைச் சுரண்டினார், நடுவில் இரண்டு முறை கத்தி நழுவியது. நிறுத்திவிட்டு, மூச்சு விட்டுவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். வலது உள்ளங்கையால் மீனை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பிய நாளிலிருந்து அந்தக் கையை அவர் ஒரு வேலைக்கு உபயோகித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையை மூடுகிற துண்டு மூலையில் கிடந்தது.

போய்க் கூட நின்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் கை பரபரத்தது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றதைப் போல் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. உள்ளே போயிருந்தால் அவர் கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போயிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மீன் நன்றாக வரவில்லை. கல் காய்வதற்கு முன்பே போட்டுவிட்டார். ஈரமும் இருந்தது. துண்டுகள் கல்லோடு ஒட்டிக்கொண்டன. திருப்பினபோது தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். அதையெல்லாம் கரண்டியால் சுரண்டி எடுத்து, உருப்படியாக வந்த துண்டுகளை எங்கள் இரண்டு பேர் தட்டிலும் வைத்தார். அக்காவுக்கு ஒரு துண்டை என்னிடம் கொடுத்தனுப்பினார். காலையில் வடித்த சோறும் ரசமும் இருந்தன. சுரண்டின தூளைத் தனக்கு வைத்துக்கொண்டு, வழக்கம் போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

"பொய் சொல்லாத. ஒட்டிப்போச்சு. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் பார்த்தார். அதற்கு அடுத்த வாரமும் பார்த்தார். மிஷின் பழகின மனுஷர். ஒரு மிஷின் ஏன் நிற்கிறது என்று பார்ப்பது போல, மீன் ஏன் ஒட்டுகிறது என்று பார்த்தார். துண்டுகளைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தார். கல்லை நன்றாகக் காயவிட்டு, கடலை எண்ணெயை ஊற்றி, எண்ணெய் கல்லின் விளிம்பு வரை தானாக ஓடுகிறதா என்று பார்த்தார். துண்டைப் போட்ட பிறகு தொடவே மாட்டார். ஓரம் வெள்ளையாகி, அந்த வெள்ளை பாதி உயரத்துக்கு ஏறும்வரை காத்திருப்பார். அதற்குப் பிறகு கரண்டியை உள்ளே விட்டால் துண்டு தானே வழுக்கிக்கொண்டு வரும். நான் எத்தனை வருஷமாக மீன் வறுத்தேன். ஒட்டாமல் இருக்க அவசரமாகப் புரட்டிக்கொண்டே இருப்பேன். புரட்டுவதால்தான் ஒட்டுகிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மசாலாவும் அவருடையதுதான். மிளகாய்த்தூளைக் கையால் பிசைந்தால், விரல் போன இடத்தில் வளர்ந்த புதுத்தோல் எரிந்தது. அதனால் மிளகாயை விட்டுவிட்டார். எஸ்டேட்டில் சவுக்குமரங்களில் படர்ந்த கொடி மிளகு எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். அதைக் கொரகொரப்பாக இடித்து, உப்பும் கொஞ்சம் மஞ்சளும் நசுக்கின பூண்டும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து தடவுவார். மேலே ஒரு கை அரிசி மாவைத் தூவுவார். விராலின் சதை வெள்ளை வெளேர் என்று இருக்கும். மிளகாய் போட்டால் அந்த வெள்ளை தெரியாது. அவர் வறுத்த துண்டைப் பிட்டால், வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பால் நிறம். நடுவில் ஒரே ஒரு தண்டு முள். விராலை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அப்போது புரிந்தது. கெண்டையைப் போலப் பொடி முள் கிடையாது. அவர் அதைப் பெருமையாகச் சொல்லவும் இல்லை.

கொஞ்ச நாளில் ஞாயிறு என்று இல்லை, வார நாளிலும் செய்ய ஆரம்பித்தார். சந்தையில் வாங்கின விரால்களை ஒரு மண்பானைத் தண்ணீரில் உயிரோடு விட்டு வைத்திருப்பார். நான் வந்து கால் கழுவி உலை வைப்பேன். நான் கஞ்சி வடிப்பதற்குள் அவர் மீனை வறுத்து இறக்கிவிடுவார். திரி ஸ்டவ் அவருக்கு, விறகடுப்பு எனக்கு. ஒரு சமையல்கட்டில் இரண்டு பேர் நின்று வேலை செய்ய, ஒருவர் முதுகை ஒருவர் இடிக்காமல் நகர, எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த நேரங்களில்தான் அவர் பேசினார். பல்பர் ஹவுஸ் பற்றி, மிஷினில் சிக்கின அந்தக் கல்லைப் பற்றி, மிஷின் நின்ற பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்ததைப் பற்றி. ஆஸ்பத்திரியில்கூட அவர் சொல்லாததையெல்லாம் மீன் வேகும்போது சொன்னார்.

ஆனாலும் சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். ஸ்பூன்தான். அதை மாற்ற நானும் முயற்சி செய்யவில்லை.

அந்த வருஷம் கடைசியில் செம்மநத்தத்திலிருந்து என் அண்ணன் வந்தார். தன் பையனுக்குக் காது குத்து வைத்திருந்தார், அழைக்க வந்தார். ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் முறை, வழக்கம் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறவர். வாசலில் எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று பார்ப்பார். வெற்றிலையை இடது கையால் நீட்டினதற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாம் என்று எழுந்து வந்தவர். அவர் ஆரஞ்சுக் கூடையோடு படியேறி வந்தபோது நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். தோளில் துண்டு, கையில் கரண்டி.

"வாங்க மச்சான். உக்காருங்க. கல்லு காஞ்சிருச்சு, இதோ வந்தர்றேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்புள்ள, மாப்பிள்ளைய அடுப்படில உட்டுட்டு நீ இங்க நின்னுக்கிட்டு இருக்கற? கை போனவரு. உனக்கே நல்லா இருக்குதா?"

"அவரேதாங்கண்ணா செய்யறாரு. நான் சொல்லி இல்லீங்க."

"சொல்லாட்டியும் நீ போயி கரண்டிய வாங்கோணுமில்ல."

உள்ளே மீன் கல்லில் விழும் சத்தம் கேட்டது. அண்ணன் கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மிளகும் பூண்டும் கறிவேப்பிலையும் சேர்ந்த வாசனை முன்னறைக்கு வந்தது. பெண் ஏற்கெனவே தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

எப்போதும் போல எங்களுக்கு முதலில் போட்டுவிட்டு அவர் பிறகு சாப்பிடுவார், அண்ணன் எதையும் பார்க்காமல் போய்விடுவார் என்று நினைத்திருந்தேன். நடந்தது வேறு. மீன் தட்டோடு அவர் வந்ததும் அண்ணன் அந்தத் தட்டை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"நீ போடு புள்ள. மாப்பிள்ளையும் நானும் ஒண்ணா உக்காந்து தின்னு எவ்வளவு நாளாச்சு? உக்காருங்க மாப்ள."

மரியாதையாகத்தான் சொன்னார். மறுக்க முடியாது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பூனை எடுத்து வரட்டுமா என்று கண்ணால் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து, அண்ணனுக்கு எதிரே, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஸ்பூன் கேட்கவில்லை.

சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன், ஆளுக்கு இரண்டு துண்டு மீன் வைத்தேன். அண்ணன் பிசைய ஆரம்பித்தார். வீட்டுக்காரர் வலது கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, இடது கையைத் தட்டில் வைத்தார். வெறும் விரல். மீனின் முதுகோரமாக ஒரு கீறல் கீறினார். அந்தக் கைக்கு இன்னும் பழைய லாவகம் வரவில்லை, ஆனால் சதை பிரிந்து வந்தது. எடுத்து வாயில் வைத்தார்.

அண்ணன் கை சோற்றில் நின்றுபோனது. பார்த்தார். எனக்கு ரசப் பாத்திரம் கையில் கனத்தது.

அப்போது எங்கள் பெண் தன் தட்டைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனாள். அவருடைய வலது பக்கம், துண்டு மூடாத அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கும் முள்ளு எடுத்துக் குடு."

"மாமனுக்கு முன்னாடி இப்பிடி அடம் பண்ணறயே கண்ணு" என்றேன். அவளை எழுப்புவதா, விடுவதா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் அவள் தட்டிலிருந்த துண்டை இடது கையாலேயே பிரித்தார். தண்டு முள்ளை உருவி ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைச் சதையை அவள் சோற்றின் மேல் வைத்தார். இடது கையால் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று நானே அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தேன். அவள் எடுத்துத் தின்றாள். "இன்னொண்ணு" என்றாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். முதல் துண்டு முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. முள்ளோடு ஒட்டியிருந்ததைக்கூட விடவில்லை.

"இது எந்த ஊரு மீனுங்க?" என்று கேட்டார்.

"மேட்டூரு விராலு, மச்சான். நேத்து சந்தைல உயிரோட வாங்கினது."

"மொளகாய் போடலியாட்ட இருக்குது."

"மொளகுதான். கைக்கு எரியறதில்லீங்க."

மீதி மீன் இருந்த தட்டு என்னிடம்தான் இருந்தது. நான் குனிந்து போடப் போனேன். அண்ணன் என் பக்கம் பார்க்காமல் தன் தட்டை எடுத்து வீட்டுக்காரர் பக்கம் நீட்டினார்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க மாப்ள. நீங்களே இன்னொரு துண்டு வைங்க."

வீட்டுக்காரர் என்னிடமிருந்து தட்டை வாங்கித் தரையில் வைத்தார். இடது கையால் ஒரு துண்டை எடுத்து, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, அண்ணன் தட்டில் வைத்தார். நான் சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். ரசப் பாத்திரத்தை வைத்துவிட்டு வருவது ஒரு சாக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இருவரும் காப்பி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் அண்ணனை அதுவரை பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அவ்வளவு நாள் பிடித்துவைத்திருந்த ஒன்றை ஒரு பேச்சும் இல்லாமல் கீழே வைக்க அவருக்கு முடிந்தது. அந்த விஷயத்தில் என் வீட்டுக்காரர், அண்ணன் இரண்டு பேரில் யாரைப் பெரியவர் என்று சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காது குத்துக்கு நாங்கள் செம்மநத்தம் போனோம். உறவுக்காரர்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அண்ணன் இவரைத் தன் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். இவர் இடது கையால் சாப்பிட்டார். எதிரே இருந்த பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அந்தப் பெரியவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

எஸ்டேட்டில் மறுபடி கூப்பிட்டார்கள். காப்பிக் கொட்டை காயவைக்கிற களத்தில் மேற்பார்வை. தலைச்சோலைப் பக்கத்தில் அந்த எஸ்டேட்டுக்கு இன்னொரு தோட்டமும் இருந்தது. இரண்டுக்கும் போய் வருவார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். எழுத்து கொஞ்சம் சாய்ந்து விழும், ஆனால் படிக்கலாம். சாயங்காலம் வீடு திரும்பினதும் சட்டையைக் கழற்றிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்குத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், "இருங்க, பத்து நிமிஷம்" என்று கல்லைத் தூக்கி வைப்பார். பால்வாடியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். அக்காவின் இரும்புக் கல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்கா தன் கல்லைத் திருப்பிக் கேட்டதே இல்லை. வறுக்கிற நாளில் மட்டும் சுவரைத் தட்டுவார்.

வழியில் பெண்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். "உங்க ஊட்டுல அவருதான் சமைக்கறாராமே?" ஒரு தினுசாகத்தான் கேட்பார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, "ஆமாங்க, என்னைவிட நல்லா சமைப்பாரு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அதில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக்காரர் அப்படி இருக்கக் கூடாதா என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

தொண்ணூறுகளில் எங்களுக்கு கேஸ் அடுப்பு வந்தது. பெண் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள், அந்த வாரம் லீவுக்கு வந்திருந்தாள். அடுப்பைக் கொண்டுவந்து மாட்டிய ஆள், திருகி எரியவைத்துக் காட்டிவிட்டுப் போனான். நீல நெருப்பை இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரி ஸ்டவ் மெல்ல மெல்லச் சூடேறும். அவருடைய கணக்கெல்லாம் அந்தச் சூட்டுக்கு ஏற்றது. கேஸில் கல் சட்டென்று காய்ந்தது, மிளகு கருகியது, மாவு கறுத்தது, மீனின் உள்ளே இன்னும் வேகவில்லை. புகை வீடு முழுக்கப் பரவ, பெண் ஜன்னல்களைத் திறந்தாள்.

கறுத்த துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"அம்மா ஒண்ணும் சொல்லாம தின்னுது பாருங்கப்பா."

"அது எப்பவுமே அப்பிடித்தான் சாமி. மொத மீனையும் அது நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுச்சு."

"நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.

அவர் கருகின தோலை உரித்து ஓரமாகப் போட்டுவிட்டு, வெந்த சதையை மட்டும் பொறுக்கி என் தட்டில் வைத்தார். தீயை எவ்வளவு குறைக்கலாம் என்று திருகியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அன்று மாலை வெகுநேரம் அடுப்பு முன்னால் நின்றார். கல்லை வைக்கவில்லை, வெறும் நெருப்பைத்தான் பார்த்தார். மறுநாள் பானையில் மிச்சமிருந்த ஒரு விராலை எடுத்து வறுத்தார். அது சரியாக வந்தது.